கையெழுத்துப் போடவும் கற்றுக்கொடுங்கள்

ஆஸ்திரேலியாவில் வளர்ந்துவரும் பூர்வகுடி ஓவியர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் உறைவிடப் பயிற்சி நடத்தும் கலை அமைப்புகளுக்கு,

வணக்கம். மறைந்துபோன பூர்வகுடிக் கலைஞர்கள் இருவரின் பெயர்கள் இந்த மடலில் வருகின்றன. அவர்களுடைய சொந்தங்கள் யாராவது வாசிக்க நேர்ந்தால், மரியாதையோடுதான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1936-இல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியர் படம் வரைய மத்திய ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். அங்கே ஹெர்மன்ஸ்பர்க் என்ற ஊரைச் சேர்ந்த பூர்வகுடிக்காரர் ஆல்பர்ட் நமட்ஜிரா அவருக்கு ஒட்டகம் ஓட்டி வழிகாட்டினார். பதிலுக்கு பாட்டர்பீ நீர்வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படிப் போனது. தன் மண்ணை இவர் காட்ட, தன் கைவேலையை அவர் காட்ட, இரண்டு பேருமே கற்றார்கள். 1938-இல் மெல்போர்னில் நமட்ஜிராவின் தனிக் கண்காட்சி நடந்தது. வைத்த படம் அத்தனையும் விற்றுப்போனது.

உங்கள் பயிற்சிகளுக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1957-இல் நமட்ஜிரா தன் படங்களின் நகலுரிமை பற்றி ஒரு பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டார், 1959-இல் இறந்துவிட்டார். 1983-இல் அந்த உரிமை முழுவதையும் அவருடைய சொத்தை நிர்வகித்த அரசின் பொது அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றார், குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்காமல். அது குடும்பத்தின் அறக்கட்டளைக்குத் திரும்பி வந்தது 2017-இல். 34 வருடம்! தூரிகை பிடிக்க ஆள் கிடைத்தது. அந்தப் படங்களின் உரிமையைக் காக்க ஆள் கிடைக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். பயிற்சியின் நடுவிலேயே சில நாட்களை ஒப்பந்தம் வாசிப்பதற்கென்று ஒதுக்குங்கள், கடைசி நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஒரு மணி நேர உரையாக வேண்டாம். பாடகர் என்றால் பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு என்பது முதல் பாடல் பதிவாகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூர்வகுடிக் கலைஞர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்ல ஆர்ட்ஸ் லா சென்டர் இருக்கிறது. தேடிப் போகச் சொல்லாமல், அங்குள்ள வழக்கறிஞரையே பயிற்சிக்கு அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்கள். 1971-இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யா என்ற பூர்வகுடி ஊரில் தொடங்கிய ஓவியங்கள் சிலவற்றில், வெளியார் பார்க்கக் கூடாத சடங்குச் சின்னங்கள் இருந்தன. அது பூர்வகுடிச் சமூகங்களுக்குள்ளேயே பெரிய மனவருத்தத்தை உண்டாக்கியது. எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த ஊரின் மூத்தவர்கள் மட்டும்தான். நகரத்து வழிகாட்டிக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவர்களுக்கும் கொடுங்கள். ஒரு தேநீரும் நன்றிக் கடிதமும் போதாது. பயிற்சியில் பாதியையாவது அவர்கள் மண்ணிலேயே நடத்துங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் கையை விட்டுவிடாதீர்கள். பூர்வகுடிப் பாடகர் ஆர்ச்சி ரோச்சைத் தன் கச்சேரியில் பாட அழைத்த பாடகர் பால் கெல்லி அதோடு நிற்கவில்லை. 1990-இல் வந்த ரோச்சின் முதல் இசைத்தொகுப்பை இன்னொருவரோடு சேர்ந்து தயாரித்தும் கொடுத்தார். பின்னாளில் ரோச் தானே இளம் பூர்வகுடிக் கலைஞர்களுக்குத் துணை நின்றார். உங்கள் அடுத்த அறிவிப்பில் வழிகாட்டி எத்தனை வாரம் கூட இருப்பார் என்று எழுதும் இடத்தில், அதற்குப் பிறகு எத்தனை வருடம் தொலைபேசியை எடுப்பார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆஸ்திரேலியாவில் வாழும் ஒரு தமிழ் ரசிகன்