பச்சோந்தியின் கண்ணில் மனிதருக்கான சொட்டு மருந்தை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பச்சோந்தி பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருக்காது. அப்படி இருந்தால் அதற்குச் சுகமில்லை என்றே கொள்ள வேண்டும். வளர்ப்பவர்கள் அப்போது உடனே தேடிப் போவது பாமசியில் கிடைக்கும் கண் சொட்டு மருந்தை. இல்லாவிட்டால் நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால். தயவுசெய்து இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்தப் பிராணியின் மேலிமையும் கீழிமையும் ஒன்றாகச் சேர்ந்து, கூம்பு மாதிரி விழியை மூடியிருக்கும். நடுவில் கண்மணி அளவுக்கு மட்டுமே துவாரம். உள்ளே போன தூசியோ உரிந்த தோல் துண்டோ பூச்சாற்றின் சக்கையோ இலேசில் வெளியே வராது. மேலே நீர் தூவினால் அது கண்ணைப் பிதுக்கி, உருட்டி, கிளையில் தேய்த்துத் தானே கழுவிக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த வீக்கம் சிறிது நேரத்தில் வடிந்துவிடும். அடுத்த நாளும் வீங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சொட்டு மருந்துகளில் டெக்சாமெதசோன், பெட்டாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்தவைதான் மிகவும் ஆபத்தானவை. கருவிழியில் கீறல் இருக்கும்போது இவற்றை விட்டால் புண் ஆறாது, ஆழமாகிப் பார்வையே போய்விடலாம். புளோரசீன் என்ற சாயத்தை விட்டுப் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். மிருக வைத்தியர் அதைப் பார்க்கும் முன் எந்த மருந்தும் வேண்டாம்.

பெரும்பாலும் கண்ணில் தெரியும் நோயின் காரணம் கூட்டில்தான் இருக்கும். இரண்டு கண்ணும் உள்ளே குழிந்திருந்தால் நீர் போதவில்லை. எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி செம்மஞ்சளாக மாறியிருந்தாலும் அதே காரணம்தான். கிண்ணத்தில் வைக்கும் நீரைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது, இலையில் நிற்கும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே காலையும் மாலையும் குறைந்தது இரண்டு நிமிடமாவது தூவ வேண்டும். இரண்டு தடவைக்கும் இடையில் கூடு நன்றாகக் காய வேண்டும்.

நுவரெலியா, அட்டன் போன்ற குளிர்ந்த ஊர்களில் இப்படி நீர் தூவுவதில்தான் பிழை நடக்கிறது. வளர்ப்புக்குப் பேர்போன யேமன் பச்சோந்திக்கு வெயில் காயும் கிளையில் 29 முதல் 32 பாகை செல்சியஸ் வேண்டும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவிலோ சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான், ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனியும் விழும். குளிரில் தின்ற பூச்சி செரிக்காது, நோயெதிர்ப்பும் தளரும். அந்தக் குளிரோடு கூடும் ஈரமாகவே கிடந்தால் சளி பிடித்து, நுரையீரலும் கண்ணும் சேர்ந்து கெடும். விளக்கைப் போட்டுக் கூடு சூடேறிய பிறகே நீர் தூவுங்கள். கண்ணாடித் தொட்டியை விட வலைக்கூடு நல்லது.

விளக்கையும் பாருங்கள். புதிய மின்குமிழ் மாட்டி ஓரிரு நாளில் இரண்டு கண்ணும் ஒன்றாக வீங்கினால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். சுருள் வடிவ புற ஊதாக் குமிழ்கள் சிலவற்றால் கண் வெந்துபோனதுண்டு. 5 அல்லது 6 வீத யூவீபீ (புற ஊதாக் கதிரின் ஒரு வகை) தரும், டீ5 எனப்படும் மெல்லிய நீண்ட குழாய் விளக்கைக் கிளைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் பொருத்துவது பாதுகாப்பானது. ஆண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வெளிச்சம் வந்தாலும் யூவீபீ குறைந்திருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவீபீ கிடைக்காது.

விளக்கும் நீரும் சரியாக இருந்தும் கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தால் உணவை நினைக்க வேண்டும். பூச்சிகளில் விற்றமின் ஏ மிகக் குறைவு. அது போதாவிட்டால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உட்படலம் தடித்து வழி அடைபடும், பிறகு கிருமி சேரும். நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கவும் தடுமாறும். ரெட்டினோல் என்ற வடிவில் விற்றமின் ஏ உள்ள தூளை மாதம் இரு முறை பூச்சியில் இலேசாகத் தூவினால் போதும், கல்சியம் தூள் வழக்கம்போல. நல்லதுதானே என்று விற்றமின் தூளை அள்ளிப் போட்டால் தோல் உரிந்து நஞ்சாகும். விற்றமின் ஊசி போடுவதும் வைத்தியரின் வேலை.

ஒரு கண் மட்டும் புடைத்து, அமுக்கினால் கெட்டியாக இருந்தால் உள்ளே சீழ் சேர்ந்திருக்கலாம். ஊர்வனவற்றின் சீழ் மெழுகு போல் இறுகிவிடும், தானாக வடியாது. அந்தச் சீழை மிருக வைத்தியர்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். பாமசியில் வாங்கிய 0.9 வீத சேலைனை (கிருமி நீக்கிய உப்பு நீரை) உள்ளங்கையில் வைத்து இளஞ்சூடாக்கி, நாளுக்கு இரண்டு தடவை, கண்ணுக்கு இரண்டு மூன்று துளி விடுங்கள். பஞ்சாலோ விரலாலோ நோண்ட வேண்டாம். இரண்டாம் நாளும் கண் திறக்காவிட்டால் காத்திருக்காதீர்கள். பார்வை இல்லாமல் அது இரை தேடாது, நீரும் குடிக்காது.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுப் பச்சோந்தி உலர் வலயத்தில் வாழ்வது. வன்னிப் பக்கம் போய் வரும்போது பிடித்துவந்து மலைக்குளிரில் வைப்பது அதற்குக் கொடுமை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டப்படி அது குற்றமும் ஆகும். ஹோர்ட்டன் சமவெளியில் மூக்கில் வெள்ளைக் கொம்போடு திரியும் ஓணானைப் பச்சோந்தி என்று நினைத்துத் தூக்கிவருவதும் அப்படித்தான். உலகில் நம் மத்திய மலைநாட்டில் மட்டுமே உள்ள உயிர் அது. யாரிடமாவது இவை இருந்தால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதானால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்குள் ஒரு கிளையை இறுக்கிப் பொருத்தி, அதில் இருத்திக் கொண்டுபோங்கள். வழியில் குளிருமானால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக வையுங்கள். விளக்கின் பெட்டி, விற்றமின் தூளின் டப்பா, கூட்டின் படம், அன்றைய எச்சம் ஆகியவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
நுவரெலியா