தலவாக்கலையிலிருந்து ஒரு கடிதம்: அந்த மொனிட்டரை இப்போதே போட்டுவிடாதே

மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு தேறிவருகிறது என்று படித்ததும்தான் எனக்கு மனம் ஆறியது. இங்கே எல்லாரும் சுகம், மகள் ஹட்டனில் ஏ.எல். படிக்கிறாள், மழைதான் பிடித்தால் விடுவதாக இல்லை.

சரி, கண்டியில் மூடிய வீடியோ கடையில் நீ வாங்கிய பழைய படக்குழாய் ஸ்டூடியோ மொனிட்டர். அதைக் கம்பியூட்டரிலிருந்து படம் வெளியே வரும் விஜிஏ போர்ட்டில் நேரே கொடுத்துவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். 1982இல் ரூபவாஹினி தொடங்கியதிலிருந்து பிதுருதலாகல உச்சியிலிருந்து நம் வீடுகளுக்கு வந்தது பால் (PAL) என்ற டீவி முறை, படத்தின் ஒரு வரியை வரைய 64 மைக்ரோ செக்கன், அதாவது ஒரு செக்கனுக்கு 15,625 வரி. உன் மொனிட்டரும் அந்த வேகத்துக்குச் செய்ததுதான். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ, 640க்கு 480 படத்துக்கே 31,469 வரி அனுப்புகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் படம் கிழிந்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் சிங்க்கை, அதாவது வரியும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் துடிப்பை, அப்படியே நம்பி ஓடுகிற பழைய மொனிட்டர்களும் உண்டு, அவற்றில் வரி இழுக்கும் டிரான்சிஸ்டரே எரிந்துவிடும்.

இதற்கு மலிவான கன்வேர்ட்டர் பெட்டி விற்கிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை, அது படத்தைச் சுருக்கி எழுத்தையெல்லாம் மங்கலாக்கிவிடும். லினக்ஸில் நீயே கணக்குப் போட்டு மோட்லைன் எழுதிவிடு, கார்டு எந்த வேகத்தில் எத்தனை வரி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் ஒரு வரிக் கட்டளை அது. பிக்சல் கடிகாரம், அதாவது பிக்சல் அனுப்பும் வேகம், 13.5 மெகாஹேர்ட்ஸ், ஒரு வரிக்கு மொத்தம் 864 பிக்சல், வகுத்துப் பார், சரியாக 15,625 வரும். சில கிராபிக்ஸ் கார்டுகள் இவ்வளவு மெதுவாக ஓட மறுக்கும், அப்போது இரண்டையும் இரட்டிப்பாக்கி 27 மெகாஹேர்ட்ஸ், 1728 என்று கொடு, மொனிட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு பிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, மொத்த வரி 312 வைத்தால் ஏறக்குறைய 50 ஹேர்ட்ஸ் கிடைக்கும், 288 வரியில் படம்.

அப்புறம் சிங்க். விஜிஏவில் வரிக்கு ஒரு வயர், பிரேமுக்கு ஒரு வயர், உன் மொனிட்டருக்குப் பின்னால் இருப்பதோ சிங்க்குக்கு ஒரே ஒரு பிஎன்சி சொக்கெட். இரண்டையும் சேர்க்க 74எச்சி86 சிப் போதும், உள்ளே நாலு எக்ஸ்ஓஆர் கேட் இருக்கிறது, இரண்டு உள்ளீட்டில் ஒன்று மட்டும் ஓன் ஆனால்தான் ஓன் ஆகும் சுற்று அது. ஒரு கேட் இரண்டையும் சேர்க்கட்டும், வரும் துடிப்பு கீழ்நோக்கி இல்லாவிட்டால் இன்னொரு கேட்டை வைத்துத் தலைகீழாக்கிவிடு. எக்ஸ்ஓஆர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு: பிரேம் துடிப்பு ஓடும் நேரத்திலும் வரித் துடிப்பு தலைகீழாகத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அது அறுந்தால் அடுத்த பிரேம் தொடங்கும்போது மொனிட்டர் வரியைத் தேடித் தடுமாறும், படத்தின் மேல் ஓரம் கொடிபோல வளைந்து நிற்கும். சிப்பிலிருந்து வரும் 5 வோல்ட்டை 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக விடு. கலர் வயர் மூன்றும் 0.7 வோல்ட், 75 ஓம், நேரே போகலாம்.

இன்னொன்று, நீ இருக்கும் இடத்திலும் ஈரம் அதிகம். போடுமுன் இரண்டு நாள் காய்ந்த அறையில் வை. போட்டதும் படக்குழாயின் ரப்பர் மூடிப் பக்கம் சீறும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்து. நிறுத்திய பிறகும் அந்த மூடிக்குள் கரண்ட் இருக்கும், விரலை வைத்துவிடாதே.

தைப்பொங்கலுக்கு வருகிறாய்தானே? கொழும்பில் 74எச்சி86 கண்டால் எனக்கும் சேர்த்து வாங்கிவா, இங்கே கடைகளில் கிடைப்பதில்லை.