சொந்த வார்த்தை வராத நேரத்துக்கு

அன்பு மகளுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, நீ கவலைப்படாதே.

போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு மணி நேர நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து ஜெபமாலையை எடுத்தால் மாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிக்குமுன் கண் சொருகிவிடுகிறது, வாய் அருள் நிறைந்த மரியே சொல்கிறது, மனசு வார்டிலேயே கிடக்கிறது, இப்படிச் சொல்வதற்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றாய். அதை நிதானமாகப் பேசப் போன் தோதுப்படாது. அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே, தாயி.

மனப்பாட ஜெபம் உள்ளத்திலிருந்து வராது என்று உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளை சொன்னதாம். நம்ம கடற்கரைக்குக் கிறிஸ்தவ வேதம் எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், ஆனால் ஜெபம் சொல்லித்தர ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் (அதுதான் நம்ம அருள் நிறைந்த மரியே) எல்லாவற்றையும் தமிழில் ஆக்கி, முதலில் தாம் மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஓர் ஊரில் இருந்தது கொஞ்ச நாள்தான். ஜெபம் சொல்லித்தர ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சாமியார் இல்லாத அந்தக் காலமெல்லாம் ஊரைத் தாங்கிப் பிடித்தது மனப்பாடமாய் இருந்த நாலைந்து ஜெபங்கள்தான்.

இன்னொன்றும் அவர் கடிதத்தில் இருக்கிறது. நோயாளிகள் இருக்கிற வீடுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிடுவார்களாம். எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியாது. ஜெபம் தெரிந்த சிறுபிள்ளைகளை அனுப்பிவைத்தார். அவர்கள் நோயாளியின் பக்கத்தில் நின்று தெரிந்ததைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதைத் தவிர என்ன தெரிந்திருக்கும்? நீ கட்டிலோரம் நின்று உதடு அசையாமல் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும்போது அவர்கள் வரிசையில்தான் நிற்கிறாய்.

தாத்தா இறந்த ராத்திரி ஆச்சிக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. அழவும் முடியவில்லை. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று அருள் நிறைந்த மரியேயைப் பழைய வார்த்தைகளில் ஆரம்பித்தாள். நாங்கள் பதில் சொன்னோம். விடியும்வரைக்கும் அதுதான். அவள் ஒவ்வொரு மணிக்கும் தியானித்தாளா, கவனம் சிதறினாளா என்று அன்று யார் பார்த்தது? அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் அவள் அந்த ராத்திரியைத் தாண்டியிருக்கமாட்டாள். அருள் நிறைந்த மரியேயின் கடைசி வரியைக் கவனி. இப்பொழுதும், எங்கள் இறப்பின் வேளையிலும் என்று இரண்டே நேரத்துக்குத்தான் கேட்கிறோம். மற்றவர்களுக்கு அந்த இரண்டும் தூரத்தில் தூரத்தில் இருக்கும். உன் நைட் டியூட்டியில் இரண்டும் ஒரே கட்டிலில் இருக்கிறது. அந்த வரியை உன்னைவிடப் பொருத்தமாகச் சொல்ல யாருக்கு முடியும்?

தூங்கிப்போவதற்கு வெட்கப்படாதே. புனித சிறுமலர் தெரேசம்மாளும் ஜெபத்தில் தூங்கியிருக்கிறார். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் தாய் தகப்பனுக்குப் பிரியம் ஒன்றுதானே என்று எழுதிவைத்திருக்கிறார். உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், அது உண்மை.

ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் ஒரே இருப்பில் முடிக்க வேண்டாம். பஸ்ஸில் ஒரு பத்து, சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு பத்து. வார்டில் ஜெபமாலை மோதிரம், காப்பு எதுவும் போடக்கூடாது என்றாயே, பத்து விரல் இருக்கிறது, அதில் எண்ணு. எந்த நாளுக்கு எந்த தேவ இரகசியத்தைத் தியானிப்பது என்று குழம்பினால் அதற்காக நிறுத்தாதே. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வியாழனுக்கென்று ஒளியின் தேவ இரகசியத்தைச் சேர்த்த பிறகும் ஆச்சி வியாழக்கிழமைகளில் பழையபடி சந்தோஷ தேவ இரகசியத்தையே சொல்லிவந்தாள். மாதா அதைக் கேட்காமல் இருந்திருக்கமாட்டாள்.

அயர்லாந்தில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது, எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அங்கே ரேடியோவில் 1950-இலிருந்து மூவேளை ஜெபத்துக்கு மணி அடிக்கிறார்கள், டிவியிலும் மாலை ஆறு மணிக்கு அடிக்கிறது என்று நீதான் சொன்னாய். மும்மூன்றாய் மூன்று தடவை, பிறகு ஒன்பது. நம்ம கோயில் மணியும் அப்படித்தானே. அது ஒரு நிமிஷம். நோயாளிகள் பார்க்கிற டிவியில் அது கேட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் ‘ஆண்டவருடைய தூதர்’ என்று தொடங்கும் அந்த மூவேளை ஜெபத்தைச் சொல்லிவிடு. இப்போது அங்கே ஆறு என்றால் இங்கே ராத்திரி பத்தரை. நான் படுக்கப் போகுமுன் அதே நேரத்துக்கு உன்னோடு சொல்கிறேன்.

படுக்குமுன் ஆத்தும சோதனை இரண்டு நிமிஷம் போதும். இன்றைக்கு யாரிடம் சிடுசிடுத்தேன், யார் முகத்தில் ஆண்டவரைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஞாயிறு டியூட்டி விழுந்தால் சனி சாயங்காலப் பூசைக்குப் போய்விடு. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இங்கே அக்டோபர் ஜெபமாலை நம்ம தெருக்காரர் கூடுகிற அன்பியத்தில் வீடு வீடாக நடக்கிறது. ஜெபமாலை முடிவில் சொல்கிற மாதா பிரார்த்தனையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2020-இல் மூன்று மன்றாட்டைச் சேர்த்தார் அல்லவா, அதில் ஒன்று ஊர்விட்டுப் போனவர்களுக்கு ஆறுதலான மாதாவைக் கூப்பிடுவது. நம்ம தெருவில் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த மன்றாட்டு வரும்போது எல்லார் குரலும் கூடிவிடும்.

வருகிற வியாழக்கிழமை நம்ம வீட்டில் ஜெபமாலை. உன் வார்டில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று எழுதி அனுப்பு. பேர் சொல்ல உங்கள் ஆஸ்பத்திரியில் விடமாட்டார்கள், பேர் வேண்டாம். மகன் வராத பாட்டி, சாப்பிட மாட்டேன் என்கிற தாத்தா, இப்படி எழுதினால் போதும். புதன் ராத்திரிக்குள் அனுப்பிவிடு. வேண்டுதல் கருத்துகளை நான்தான் வாசிக்க வேண்டும், முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா