பிடில் வகுப்பில் கடைசி வரிசை

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோதே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. சாயங்காலம் எனக்கென்று கிடைக்கிற ஒரு மணி நேரத்தையும் இப்போது பிடில் தின்றுவிடுகிறது.

ஆமாம், பிடில்தான். போன வருடம் ஜூனில் மல்லேஸ்வரத்தில் ஒரு சங்கீதப் பள்ளியில் சேர்ந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் விட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணக்கு. விடவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

சனிக்கிழமை காலை அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்குவேன். பெட்டியை ஸ்கேனரில் போடும்போதெல்லாம் காவல்காரப் பெண் "பேத்திக்கா?" என்று கேட்பாள். முதலில் "இல்லை, எனக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

அந்த முதல் பள்ளியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. முக்கால் மணி நேர வகுப்பில் ஒன்பது குழந்தைகள், கடைசி வரிசையில் நான். சரளி, ஜண்டை, அலங்காரம் என்று ஆரம்பப் பாடமெல்லாம் ரயில் வேகம். வெளியே செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் அம்மாக்கள் நின்றுகொண்டு, ஜூனியர் பரீட்சைக்கு எப்போது அனுப்புவார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பிடில் சேர்ந்து ஒலிக்கும்போது என் அபஸ்வரம் யார் காதிலும் விழாது, என் காதிலும்தான். ஒரு நாள் வீட்டில் போனில் பதிவு பண்ணிக் கேட்டேன். நம் திருச்சி ஹாஸ்டல் மெஸ் கதவு ஞாபகம் இருக்கிறதா? அச்சு அசல் அதே சத்தம்.

உன் வீணையில் மெட்டு, அதாவது தந்திக்கு அடியில் ஸ்வரத்தின் இடத்தைக் காட்டுகிற பித்தளைக் கட்டைகள், இருக்கிறது. விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் மெட்டு காப்பாற்றிவிடும். பிடிலில் வெறும் கறுப்புப் பலகை. ஸ்வரம் எங்கே என்று காதுதான் சொல்லவேண்டும், அதற்கு முதலில் காது திறக்கவேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு பள்ளியை மாற்றினேன். இங்கே ஒரு நேரத்துக்கு இரண்டே பேர். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும், என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் நான் வாசித்த அலங்காரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு மாசம் இடது கை வேண்டாம் ஆன்ட்டி" என்றாள். அதாவது ஸ்வரமே கிடையாது. வெறும் தந்தியில் வில்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டு எண்ணி இழுக்கவேண்டும், திரும்ப எட்டு எண்ணித் தள்ளவேண்டும். வில், தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கு இணையாக, நேராகப் போகவேண்டும். நுனிக்குப் போகும்போது என் மணிக்கட்டு மடங்கி, வில் சறுக்கி, சத்தம் நூலாகிவிடும்.

எனக்கு நல்ல கோபம். ஏழு மாதம் பணம் கட்டிப் படித்தவளைப் பாலர் வகுப்பில் போட்டுவிட்டாளே என்று. ஆனாலும் செய்தேன். மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் பஞ்சமத் தந்தியை இழுத்துக்கொண்டிருந்தபோது, போனில் ஓடிக்கொண்டிருந்த தம்பூரா நின்றுவிட்டது மாதிரி இருந்தது. பார்த்தால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் தந்தி அதற்குள் போய்க் கலந்துவிட்டிருக்கிறது. மார்புக்கூட்டில் ஒரு அதிர்வு. மிஞ்சிப்போனால் நாலு செகண்ட் இருக்கும். அப்புறம் மெஸ் கதவு திரும்பி வந்துவிட்டது.

இடது கையைத் திருப்பிக் கொடுத்தபோது ஒன்று கவனித்தேன், உனக்குப் பிடிக்கும். பிடில் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம் இல்லையா? மாயாமாளவகௌளையில் ச-ரி-க-ம வாசிக்க ஷட்ஜத் தந்தியில் விரல் எங்கெங்கே விழுகிறதோ, ப-த-நி-ச வாசிக்கப் பஞ்சமத் தந்தியிலும் அதே இடங்கள்தான். க-வுக்கும் ம-வுக்கும் விரல்கள் ஒட்டி நிற்கும், நி-க்கும் மேல் ச-வுக்கும் அப்படியே. புரந்தரதாசர் இந்த ராகத்தில் பாடத்தை ஆரம்பித்து வைத்தார் என்பார்கள். அவர் காலத்தில் இங்கே ஏது பிடில்! ஆனாலும் பிடில்காரர்களுக்கென்றே போட்டுவைத்த மாதிரி இருக்கிறது.

வாசிக்கிற முறையும் மாறிவிட்டது. எங்கே தடுக்கினாலும் முதல் வரிக்குத் திரும்பிப் போவது என் வழக்கம். அதனால் முதல் வரி பட்டு, நாலாவது வரி கோணி. இப்போது தடுக்குகிற நாலு ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் முட்டி விடுவதில்லை. பிடிலின் சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காரவேண்டுமே! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். ஐரோப்பாக்காரர்கள் நின்றுகொண்டே வாசிக்கிறார்கள், நாம் தரையில் உட்கார்ந்துவிட்டோம். கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பதற்கு, இடது கை தாராளமாக ஓட இதுதான் வசதி என்கிறாள் டீச்சர். சரிதான், அவள் முட்டிக்கு முப்பது வயது.

மேல்வீட்டுக் கன்னட மாமி லிஃப்டில் நிறுத்தி, "மகு கலீத்தா இதியா?" என்றாள். குழந்தை கற்றுக்கொள்கிறதா என்று கேட்கிறாள். மறுநாளே சத்தம் குறையக் குதிரையில் மாட்டுகிற ரப்பர் மியூட் ஒன்று வாங்கிவிட்டேன். இங்கே பிடில் மாதிரியே கட்டிய சௌடையா மண்டபத்தை ஒருமுறை உனக்குக் காட்டினேனே, அந்தச் சௌடையா மைக் இல்லாத காலத்தில் சத்தம் கூட்டுவதற்காக ஏழு தந்திப் பிடில் வைத்துக்கொண்டவர். மாமியின் அதிர்ஷ்டம், என்னிடம் நாலுதான்.

இவர் ஒன்றும் சொல்வதில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். போன வாரம் போகாமல் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டால் வெளியே மழை என்றார். மழை இருந்ததும் உண்மைதான்.

உன் வீணை இன்னும் பரணில்தானே இருக்கிறது? கல்யாணத்துக்கு மறுவருஷம் துணி சுற்றி ஏற்றியது. இறக்கு. நீ ஏறாதே, கண்ணில் மருந்து விடுகிறவள், பிள்ளையை ஏறச் சொல். இத்தனை வெயிலுக்கு மெழுகு இளகி மெட்டெல்லாம் நகர்ந்திருக்கும். தஞ்சாவூரில் இருந்துகொண்டு மெட்டுகளைத் திரும்ப மெழுகில் பதித்து மேளம் கட்ட ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

ஜனவரியில் வரும்போது பிடிலையும் கொண்டுவருகிறேன். உனக்கு எத்தனை கட்டை சுருதி என்று அடுத்த கடிதத்தில் எழுது. அந்தச் சுருதிக்கே சேர்த்து இப்போதிருந்து பழகிக்கொள்கிறேன்.

உன்,
விஜி