ஏ கிரேடும் எரியாத மீத்தேனும்

அன்புள்ள நண்பா,

நலம். இரண்டு மாதமாகப் பதில் போடாதது என் தப்பு, அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள். 

"புதுக் கப்பல் எல்என்ஜியில் (திரவமாக்கிய இயற்கை வாயு, பெரும்பாலும் மீத்தேன்) ஓடும், சிஐஐயில் (கப்பல்களுக்கான கார்பன் மதிப்பீடு) ஏ கிரேடு நிச்சயம்" என்று குதித்திருக்கிறாயே, எந்த எஞ்சின் என்று ஒரு வரி எழுதினாயா? அதில்தானடா எல்லாமே இருக்கிறது!

சிஐஐ எண்ணுவது கரியமில வாயுவை மட்டும். எரியாமல் புகைபோக்கி வழியே தப்பும் மீத்தேன் அதில் சேராது. நூறாண்டுக் கணக்கில் அது 28 மடங்கு சூடேற்றும். ஐரோப்பாவின் கப்பல் எரிபொருள் விதியான ஃபியூல்இயூ, குறைந்த அழுத்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் 3.1 சதவீத எரிபொருள் எரியாமல் நழுவுவதாக வைத்துக்கொள்கிறது. குறைந்த அழுத்த இரண்டு ஸ்ட்ரோக்கில் 1.7. ஏறத்தாழ 300 பார் உயர் அழுத்தத்தில் வாயுவைப் பீச்சும் டீசல் வகையில் வெறும் 0.2.

கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ எல்என்ஜி எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு. அதே ஆற்றலுக்கு, கனரக எண்ணெயைவிட கால் பங்குக்கு மேல் குறைவு. 3.1 சதவீதம் நழுவினால் இன்னொரு 0.87 கிலோவுக்குச் சமம் கூடுகிறது. அந்தக் கால் பங்குக் குறைவு ஆறேழு சதவீதமாகச் சுருங்கிவிடும். கிணற்றிலிருந்து கப்பலில் நிரப்பும் பங்கரிங் வரை ஆகும் கசிவையும் சேர்த்தால் அதுவும் நிற்காது.

குறைந்த அழுத்த எஞ்சினில், காற்றோடு முன்பே கலந்த வாயு, பிஸ்டன் ரிங்குக்கு மேலுள்ள இடுக்கில் புகுந்துகொள்ளும். தீ அங்கே எட்டாது. லோடு, அதாவது எஞ்சின் சுமை, குறைந்தால் கலவை மெலிந்து, தீ பாதியில் அணையும். நாமோ சிஐஐக்காக வேகத்தைக் குறைக்கிறோம். வேகம் பத்து சதவீதம் இறங்கினால் தேவைப்படும் திறன் 27 சதவீதம் இறங்கும். கிரேடு ஏறும்போதே நழுவலும் ஏறுகிறது. எனக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

மெயின் எஞ்சின் உயர் அழுத்தம் என்றாலும் நிம்மதியாகிவிடாதே. ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் குறைந்த அழுத்த நான்கு ஸ்ட்ரோக்தான். பாதுகாப்புக்காக இரண்டு ஜெனரேட்டர்களைப் பாதி லோடில் ஓட்டும் பழக்கம் உங்களுக்கும் உண்டு. அவசரத்துக்குக் கைகொடுக்க பேட்டரி வைத்தால் ஒன்றை மட்டும் நல்ல லோடில் ஓட்டலாம். 2026 முதல் ஐரோப்பிய கார்பன் வர்த்தகத்தில் மீத்தேனுக்கும் காசு கட்ட வேண்டும் என்று உன் முதலாளியிடம் சொல், பேட்டரிக்குக் கையெழுத்துப் போடுவார்.

ஒப்பந்தத்துக்கு முன் 25, 50, 75, 100 சதவீத லோடில் நழுவும் அளவை எழுத்தில் வாங்கு. எஞ்சின் தொழிற்சாலையில் நடக்கும் ஷாப் டெஸ்ட்டுக்கு நீயே போய் நில். அந்த 25 சதவீதத் தாளை எனக்கும் அனுப்பு.

உன் பழைய கேபின் தோழன்