பிரம்பு தந்தாயிற்று, வேலை எங்கே? மட்டக்களப்பு ஊடகவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ஊடக நண்பர்களே,

டிசம்பர் 3 வந்தால் எங்களுக்குக் கிராக்கி கூடிவிடும். சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமல்லவா! ஒரு மண்டபம், சில சக்கர நாற்காலிகள், ஒரு கட்டுப் பிரம்பு, பிரதம அதிதி. எனக்கும் ஒரு முறை வெள்ளைப் பிரம்பு தந்தார்கள். வாங்கக் கை நீட்டினால் பிடிக்க இடமில்லை. மேலிருந்து கீழ்வரை அதிதிகளின் கைகள்தான். "அக்கா, அந்தக் கறுப்புக் கண்ணாடிய ஒருக்காக் கழட்டுங்க, கண் விளங்கினாத்தான் படம் எடுபடும்" என்றார் உங்களில் ஒரு தம்பி. நான் கழற்றவில்லை.

செய்தியைத் தங்கைதான் வாசித்துக் காட்டினாள். எழுத்தாகப் போட்டிருந்தால் என் போனே வாசித்திருக்கும். நீங்களோ முழுச் செய்தியையும் படமாக்கிப் போடுகிறீர்கள். போன் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. தலைப்பு: "இருளில் வாழ்வோருக்கு ஒளி". நான் இருளில் வாழவில்லை, கல்லடியில் வாழ்கிறேன்.

எங்களைப் பற்றி உங்களிடம் இரண்டே வகைச் செய்திதான். ஒன்று அழவைக்கும், மற்றது "தடைகளை வென்ற சாதனை". பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற, சீட்டுக் கட்டுகிற, மீன் விலைக்குச் சண்டை பிடிக்கிற எங்களை ஏன் காணவில்லை? மீன் விலை ஏறினால் சந்தையில் எல்லாரிடமும் மைக்கை நீட்டுகிறீர்கள், பக்கத்தில் பிரம்போடு நிற்பவளைத் தவிர.

இதெல்லாம் போகட்டும். வேலைக்கு வருவோம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் சிநேகிதி பட்டதாரி. நேர்முகப் பரீட்சை மேல்மாடியில். லிஃப்ட் கிடையாது. பெரிய மனது பண்ணி இறங்கி வந்தவர்கள் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "தினமும் ஆர் கூட்டி வருவாங்க?" படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 எங்களுக்கு என்று 1988இல் 27/88 சுற்றறிக்கை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க வந்த 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், ஆளெடுக்கும்போது இயலாமையைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. பொதுக் கட்டிடங்களில் எல்லாரும் ஏறி இறங்க வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதியும் வந்தது. தனியார் கம்பெனிகளுக்கு அந்த 3 வீதம்கூட இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோவொரு இயலாமை. யுத்தமும் சுனாமியும் மிதித்துப்போன இந்த மாவட்டத்தில் இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்குள்ள ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் அந்த 3 வீதம் நிரம்பியிருக்கிறதா? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் அந்த அலுவலகம் முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் எழுத உங்களுக்கு நேரமில்லை என்றால் நானே டைப் பண்ணித் தருகிறேன். பதில் வந்ததும் அலுவலகப் பெயரோடு போடுங்கள். அப்படியே உங்கள் சொந்த நிறுவனத்தின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒலித் தொகுப்புக்குக் கண் தேவையில்லை, செய்தி எழுதக் கால் தேவையில்லை.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வாசகி