உன்ட அம்மாவிட்ட ஒருக்கா கேளு

தாழங்குடா
மட்டக்களப்பு
மாசி மாசம்

அன்புள்ள ராணி,

போன வருசம் மே மாசம் நீ அனுப்பின படத்துக்கு இப்பதான் பதில் எழுதுறன், ஏசாதகா. ஒம்பது மாசத்தில ஒரு புள்ளயே பெத்திரலாமேடி எண்டு நீ சொல்லுவாய், தெரியும். வாட்சப்பில குரல் அனுப்பிருக்கலாம்தான், ஆனா நான் கதைக்கத் தொடங்கினா நீ இடையில பூந்து பத்து விசயம் கதைப்பாய், நான் சொல்ல வந்தது அப்பிடியே போயிரும். அதான் எழுதுறன்.

நாங்க சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் கூடித்தான் இரிக்கு, களவா லட்டுத் தின்னுறார். வெள்ளாமை வெட்டு தொடங்கிற்று, ரெண்டு நாளைக்கு ஒருக்கா வட்டைக்குப் போய் வாறார். உன்ட மூத்த மச்சான் அதே மாதிரித்தான், சைக்கிள் மட்டும் புதுசு.

சரி, விசயத்துக்கு வாறன். உன்ட வளவு முழுக்க மஞ்சள் பூ, டண்டலியன் டண்டலியன் எண்டு படம் போட்டியே, 2009ல ஒன்டாரியோவில புல்லுத்தரைக்கு மருந்தடிக்கிறதத் தடை செஞ்சதில இரிந்து உன்ட மனிசன் குந்தியிருந்து கத்தியால கிண்டுறார் எண்டும் எழுதியிருந்தாய். அந்தப் படத்தக் கண்டவுடன எனக்கு ஒரே யோசினை. இது எங்கட கடக்கரையில இரிக்கிற பூவெல்லோ? அடம்பன்கொடிக்கும் இராவணன் மீசைக்கும் நடுவால மணலோட ஒட்டிக் கிடக்குமே, காலையில மஞ்சளா விரிஞ்சு வெயில் ஏற ஏறச் சுருங்கிப்போகுமே, அது. மருமகள்ட புள்ள இரிக்காளே, இந்த வருசம் ஓ எல் சோதினை எடுக்கிறவள், அவள்ட போனில பூவப் படம் எடுத்தாப் பேர் சொல்லுற ஒரு ஆப் இரிக்கு. காட்டினம். டண்டலியன் எண்டே சொல்லிற்று!

அவ்வளவுதான், நான் தலகால் தெரியாமத் திரிஞ்சன். கனடாவில இரிக்கிற பூ தாழங்குடாவிலயும் இரிக்கு எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லியாச்சு. நீ வேற அதின்ட வேர வறுத்து கோப்பி குடிப்பாங்க எண்டு எழுதியிருந்தியா, நானும் நாலு வேரக் கிளப்பிக் கழுவி வறுத்து இடிச்சு இவருக்கு ஊத்திக் குடுத்தன். குடிச்சார். ஒண்டும் பேசல்ல. மற்ற நாள் காலையில, "நேத்தய கோப்பியில அரைவாசி மணல், மிச்சம் என்னெண்டு தெரியல்ல" எண்டார். நாப்பது வருசத்தில அந்த மனிசன் சொன்ன ஒரே பகிடி.

மறுகா ஒரு நாள் பேத்தி அதே பூவ வேற பக்கத்தால படம் எடுக்க, ஆப் வேற பேர் சொல்லுது. இன்னொண்டு எடுக்க மூணாவது பேர். எனக்கு விசர் வந்திற்று. பிறகு ரெண்டு பேரும் இரிந்து இன்டர்நெட்டில வாசிச்சு, கையில பூவ வெச்சுப் பிச்சுப் பாக்கத் தொடங்கினம். ராணி, அறுவது வயசில நான் பூப் பிய்க்கக் கத்துக்கொண்டன்கா, சிரியாத.

முதல்ல தெரிய வேண்டியது, நாங்க ஒரு பூ எண்டு நினைக்கிறது ஒரு பூவே இல்ல. சூரியகாந்திக் குடும்பம் முழுக்க அப்பிடித்தான், நூறு பூ ஒரு கூடைக்குள்ள இரிந்துகொண்டு ஒரு பூ மாதிரி நடிக்குதுகள். அதில டண்டலியன் சேந்த உள்குடும்பத்துக்குப் பூவின்ட நடுவில பொத்தான் மாதிரி வட்டம் இல்ல, எல்லாமே பட்டி பட்டியா நாக்கு மாதிரி, ஒவ்வொரு நாக்கின்ட நுனியிலயும் அஞ்சு குட்டிப் பல்லு. காம்ப உடைச்சாப் பால் வடியும். இது ரெண்டயும் வெச்சே எங்கட ஊரில பாதிப் பேர விலத்திரலாம். பள்ளிக்கூட வேலியோரம் வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வெப்பமே, நீ ஒருக்கா டியூசன் சேருக்குக் கட்டிவிட்டியே, அதுக்கு நடுவில மஞ்சள் பொத்தான், சுத்திவர அஞ்சாறு வெளிறின இதழ், பால் இல்ல. அது தென்னமெரிக்காப் பக்கத்துச் சரக்காம், நம்மட எண்டு நினைச்சிருந்தன். இப்ப கல்லடிப் பக்கம் வீட்டு மதிலோரம் எல்லாம் பச்சைப் பாய் விரிச்ச மாதிரிப் படந்து மஞ்சளாப் பூக்குதே, அழகுக்கு எண்டு கொண்டுவந்து நட்டு இப்ப தண்ணி ஓடுற காண் எல்லாம் அதுதான், அதுவும் அமெரிக்காக்காரன், அதுக்கும் பொத்தான் இரிக்கு. மஞ்சள் கையாந்தகரைக்கும் அப்பிடித்தான். நெருஞ்சி இந்தக் குடும்பமே இல்ல, அஞ்சிதழ், முள்ளுத் தைச்சாத்தான் அதுக்கு மரியாதை.

எங்கட கடக்கரைப் பூவில பொத்தான் இல்ல. உடைச்சாப் பால் வருது. நுனியில அஞ்சு பல்லும் இரிக்கு, பேத்தி லென்சப் புடிச்சு எண்ணினாள். அப்ப டண்டலியன்தான் எண்டு நான் குதிக்க, அவள் "பொறுங்க அப்பம்மா, தண்டப் பாருங்க" எண்டாள். டண்டலியன்ட தண்டு உள்ளுக்குக் குழாய், இலை ஒண்டும் இல்லாம வேரில இரிந்து நேரா எழும்பி ஒரே ஒரு பூ. எங்கட பூவுக்கு மெல்லிய காம்பு, ஆளும் சின்னன். பெரிய வித்தியாசம் அது இல்ல. ஒரு செடியப் புடிச்சு இழுத்தன், கயிறு மாதிரி ஒரு கொடி மணலுக்கு மேலால ஓடி அடுத்த செடியில போய் முடியுது, அதில இரிந்து இன்னொண்டு, அங்கால இன்னொண்டு. கணுக்குக் கணு வேர் விட்டு ஒரு குடும்பமே ஊர்ந்து போகுது. டண்டலியன் அப்பிடி ஊராது, ஆணிவேர ஒரே இடத்தில அடிச்சுப்போட்டு இரிக்கும், உன்ட மனிசனக் கேளு.

அதின்ட பேர் லோனியா சார்மென்டோசா. டண்டலியனுக்கு ஒண்டவிட்ட சொந்தம், அவ்வளவுதான். ஆபிரிக்காக் கரையில இரிந்து இந்தியா, இலங்கை எண்டு மணல் இரிக்கிற கரையெல்லாம் இரிக்காம். வைத்தியப் பொத்தகத்தில எழுத்தாணிப் பூண்டு எண்டு போட்டிரிக்கு. முன்வீட்டுப் பொடியன் மாலைதீவில ஹோட்டல் வேலை, லீவில வந்தவன் படத்தப் பாத்திற்று, "அன்ரி இது அங்க குள்ளபிலா, மாசிக்கருவாடும் தேங்காப்பூவும் போட்டுப் பிசைஞ்சு ரொட்டியோட தின்னுவாங்க" எண்டான்.

அந்தச் சொல்லக் கேட்டவுடன எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரிப் போச்சு ராணி. நாங்களும் தின்டிருக்கமெல்லோ.

78 சூறாவளி. நவம்பர் 23 ராவு. உங்கட வீட்டுக் கூரை பறந்து நீங்க எல்லாரும் எங்கட குசினிக்குள்ள வந்து இரிந்தீங்க, விடிஞ்சு பாத்தா ஒரு தென்னை நிமிந்து நிக்கல்ல. கடை இல்ல, மரக்கறி இல்ல, நிவாரண மாவும் பருப்பும். ரெண்டு கிழமையோ மூணு கிழமையோ கழிச்சு உன்ட அம்மா கடப்பெட்டியத் தூக்கிக்கொண்டு எங்க ரெண்டு பேரையும் கடக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா. உசந்து நிண்டது எல்லாம் விழுந்து கிடக்கு, நிலத்தோட ஒட்டிக் கிடந்த இது மட்டும் மணல விலத்திக்கொண்டு பச்சையா எழும்பியிரிக்கு. கிள்ளிக் கொண்டு வந்து, விழுந்த தேங்காய்க்கு மட்டும் குறையில்லத்தானே, நிறையத் திருவிப் போட்டுச் சுண்டினா. கசந்திச்சு. நீ துப்பினாய், அடியும் வாங்கினாய். நான் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்டன், அதுக்கும் நீ என்னோட கோவம்.

அப்ப உன்ட அம்மா அதுக்கு ஒரு பேர் சொன்னவ. அந்தப் பேரச் சொல்லித்தான் நாங்க பெரிய டீச்சர நாலு வருசம் கூப்பிட்டம்! எழுத்தாணி இல்ல, எனக்கு நிச்சயம். காதோ செவியோ எண்டு முடியிற மாதிரி ஒரு ஞாபகம், பேத்தி முயற்செவியா எண்டு கேட்டாள், அது ஊதாப் பூ, வேற. நானும் கேக்காத ஆள் இல்ல. கடக்கரையில வலை இழுக்கிற கிழவன்மாரக் கேட்டன், "பூ" எண்டாங்க. ஆரையம்பதியில ஒரு பரியாரியார்ட மகனக் கேட்டன், அவருக்கு எழுத்தாணிதான். எங்கட அம்மா இரிந்தாச் சொல்லியிருப்பா, இல்லாமப் போயிற்றா. இப்ப அந்தப் பேர் தெரிஞ்ச ஆள் எனக்குத் தெரிய ஒராள்தான், அவ உன்ட வீட்டு மேல் அறையில இரிக்கா.

நீ போன முறை கதைக்கக்குள்ள, அம்மா உன்ன சின்னம்மாட பேர் சொல்லிக் கூப்பிடுறா, ராவில "படலையச் சாத்தல்ல" எண்டு எழும்புறா எண்டு சொன்னாய். நான் ஏதோ சமாளிச்சுப்போட்டு வெச்சிற்றன். வெச்ச பிறகு திண்ணையில இரிந்து அழுதன், உனக்குச் சொல்லல்ல. ஒம்பது மாசம் எழுதாம இரிந்ததுக்கு அதுதான் காரணம், லட்டுக் கதை எல்லாம் சும்மா. என்ன எழுதுறது எண்டு தெரியல்ல.

அதால ராணி, ஒரு வேலை செய். காலையில தேத்தண்ணி குடிச்ச கையோட அவக்குக் கொஞ்சம் தெளிவா இரிக்கும் எண்டு சொன்னியே, அப்ப கேளு. "இது என்ன பூ" எண்டு சோதினை மாதிரிக் கேக்காத. சூறாவளி, கடப்பெட்டி, விழுந்த தேங்காய் எண்டு தொடங்கு. விஜி ரெண்டாம் தரம் கேட்டுத் தின்ட கீரை எண்டு சொல்லு, என்ன மறந்தாலும் கீரைய மறக்கமாட்டா. படம் வாட்சப்பில அனுப்புறன், பூவக் காட்டாத, இலையக் காட்டு, அவ பூவப் பாத்துக் கிள்ளல்ல. காய வெச்ச செடி ஒண்ட இதுக்குள்ள வெக்கத்தான் பாத்தன், பேத்தி விடல்ல, விதை நாடு விட்டு நாடு போகக்கூடாதாம், உன்ட வளவில இனி இதுவும் முளைச்சா உன்ட மனிசன் கத்தியோட பிளேன் ஏறி வருவார்.

பேர் வந்தா உடன எழுதி வை, பிறகு சொல்லுவம் எண்டு விடாத. போனில ரெக்கோட் பண்ணினா இன்னும் நல்லம், அவட குரலில. வேற ஏதாவது சொன்னாலும் பண்ணு.

இவர் வட்டையால வந்திற்றார், படலை சத்தம் கேக்குது. சோறு போடோணும்.

உன்ட
விஜி

பி.கு: ஆகஸ்டில நீ போட்ட ரெண்டாவது படம் டண்டலியனே இல்லடி. இடுப்பளவு உசரம், தண்டு முழுக்க இலை, ஒரு தண்டில நாலஞ்சு பூ. அது சோ திஸில் எண்டு பேத்தி சொல்லுறாள். பாலும் வரும், பல்லும் இரிக்கும், ஆனா ஆள் வேற. உன்ட மனிசன் அதயும் சேத்தா கிண்டினவர்?